நிருபமும் நிருபனும்

நிருபன் என்றால் அரசன். ஆகவே நிருபம் என்றால் அரசகட்டளை. பவுலின் நிருபங்களை ராஜ உத்தரவாகவே கேட்கவேண்டும் என்று பிரசங்கபீடத்தில் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். சொல்லும் பிழை, அதைக்கொண்டு செய்யும் போதனையும் பிழை.

அரசனைக் குறிக்கும் நிருபன் 'ந்ருப' என்னும் வடசொல்லின் திரிபு. க்ருபா கிருபையானதும், ம்ருகம் மிருகமானதும் இந்த வழியில்தான். நிருபமோ 'நிரூப' என்பதன் குறுக்கம். நிரூபணம், நிரூபித்தல் எல்லாம் அதன் உடன்பிறப்புகள். உற்றுக் கண்டு எடுத்துரைத்தல் என்பதே வேர்ப்பொருள். தெலுங்கில் நிரூபமு, கன்னடத்தில் நிரூப என்று நெடில் குறையாமல் நிற்கிறது. விஜயநகரக் காலக் கன்னடக் கல்வெட்டுகளில் நிரூப என்பது ஆணையைக் குறிக்கிறதே என்பார்கள். அந்தப் பொருள் அரசாங்க வழக்கில் ஏறியது, வேரில் இல்லை. மன்னனிலிருந்து மன்னம், வேந்தனிலிருந்து வேந்தம் என்று ஓலைக்குப் பெயர் பிறந்ததுண்டா?

அரசன் விடுக்கும் ஓலைக்குத் தமிழில் திருமுகம் என்றே பெயர் உண்டு. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அதைத்தான் எடுத்துக்கொண்டது. திருமுகமும் எப்போதும் கட்டளை அல்ல. பாணபத்திரனுக்குப் பொருள் கொடுக்கும்படி ஆலவாய் இறைவன் சேரமானுக்கு விடுத்ததாகப் போற்றப்படும் திருமுகப் பாசுரம் பதினோராம் திருமுறையின் தொடக்கத்தில் இருக்கிறது. அது ஒருவனுக்காக இன்னொருவனிடம் பரிந்து பேசும் ஓலை.

பிலேமோனுக்கு எழுதிய நிருபமும் அந்த இனம்தான். மொத்தம் 25 வசனங்கள். சிறையிலிருக்கும் பவுல், ஒநேசிமு என்னும் அடிமையை அவன் எஜமானிடமே திருப்பி அனுப்புகிறார், சகோதரனாக ஏற்றுக்கொள்ளச் சொல்லி. கட்டளையிடத் தமக்குத் துணிவு உண்டு, ஆனாலும் அன்பினிமித்தம் மன்றாடுவதாக 8, 9ஆம் வசனங்களில் எழுதுகிறார். அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் தாமே செலுத்துவதாக 19ஆம் வசனத்தில் தம் கைப்படவே எழுதிக் கொடுக்கிறார். ராஜ உத்தரவில் அரசன் கடன்சீட்டு எழுதுவானா? கிரேக்க மூலத்தில் இவ்வகை எழுத்துக்கு வழங்கும் எபிஸ்டொலே என்ற சொல்லும் அனுப்புதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. அதிலும் அரசன் இல்லை.

ஒருவருக்கு எழுதியதை மற்றவருக்குப் பிரசங்கிப்பதில் குற்றமில்லை. தம் கடிதத்தை லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யும்படி கொலோசெயர் 4:16 சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் கௌசிகன் கொணர்ந்த மாதவியின் முடங்கலை வாசித்த கோவலன், அது தன் பெற்றோருக்கும் பொருந்துவதைக் கண்டு அவர்களிடம் சேர்க்கச் சொன்னான். ஆனால் மாதவி தனக்கு எழுதியது இன்னதென்று உணர்ந்த பிறகே அப்படிச் செய்தான். நிருபத்தைப் பிரசங்கிப்பவர் கொள்ளவேண்டிய வரிசையும் இதுவே: முதலில் பிலேமோன், பிறகு சபை.

செய்தித்தாளின் நிருபரும் இந்த நிருபத்தின் வழி வந்தவர்தான். வெளியூரில் கண்டதைக் கடிதமாக எழுதி அனுப்பியவர் அவர். அரசர்கள் என்று பொருள்படும் பழைய நிருபருக்கும் இவருக்கும் எழுத்தொற்றுமை தவிர வேறு உறவு கிடையாது. கண்டதை எடுத்துரைப்பதே நிருபம். இதில் எனக்கு ஐயமே இல்லை.