1,400 யானைகளும் ஒரு நினைவுக் கல்லும்



பதுளையில் இருக்கும் நாங்கள் புனித மாற்கு தேவாலயத்தை எத்தனையோ முறை கடந்து போயிருப்போம். 1857இல் திறக்கப்பட்டது. உள்ளே ஒரு நினைவுக் கல் இருக்கிறது. இறைவனின் மகிமைக்காகவும் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவரின் நினைவாகவும் அவருடைய நண்பர்களும் அபிமானிகளும் கட்டியது என்று அது சொல்கிறது. இராணுவ மேஜர், பதுளையின் உதவி அரசாங்க அதிபர், மாவட்ட நீதிபதி, 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தவர். பதவியெல்லாம் இருக்கிறது. யானைகள் மட்டும் இல்லை.

அந்தக் கணக்கை எழுதி வைத்தவர் பின்னர் இங்கே குடியேற்றச் செயலாளராக வந்த எமர்சன் டெனன்ட். 1859இல் வெளியான நூலில், ரொஜர்ஸ் கொன்றது 1,400க்கு மேல் என்கிறார். கப்டன் கல்வே அதில் பாதிக்கும் அதிகம். வீதி போட்ட ஸ்கின்னர் அவருக்குக் கிட்ட. தவணைப் பரீட்சைப் பெறுபேறு மாதிரி வரிசை!

தந்தத்துக்காகத்தானே என்று கேட்பீர்கள். இலங்கை யானைகளில் நூற்றுக்கு ஒன்றுக்குக்கூடத் தந்தம் இல்லை என்று எழுதியவரும் அதே டெனன்ட்தான். பயிரைக் காக்க என்றால், அதற்கு அரசாங்கம் தலைக்குச் சில ஷில்லிங் சன்மானம் கொடுத்தது உண்மை. அந்தக் காசுக்காக 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகள் அழிந்தன. தென் மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2,000. ஆனால் சம்பளம் வாங்கும் ஒரு மேஜருக்குச் சில ஷில்லிங் எதற்கு? அவருக்கு வேண்டியிருந்தது எண்ணிக்கை. அபிமானிகளுக்கும் அதுதான்.

தோட்டத்து மரத்தடியில் யானைமுகப் பிள்ளையாரை வைத்துக் கும்பிட்ட மக்களை அந்தக் காலத்துப் பாதிரிமார் விக்கிரக வணக்கக்காரர் என்றார்கள். எங்கள் மார்க்கத்திலும் சிலை வணக்கம் இல்லை. அது வேறு பேச்சு. ஆனால் உயிருள்ள யானையை ஓர் இலக்கமாக்கி, அந்த இலக்கத்துக்குத் தலைவணங்கிய துரைமாரை யாரும் அந்தப் பெயரால் அழைக்கவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு எத்தனை லைக் என்று பார்க்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்தத் தெய்வம் புதிதல்ல.

இனி அந்த மின்னல். யானைகளின் சாபம், இறைவனின் தண்டனை என்பார்கள். நுவரெலியாவில் இருக்கும் அவரது கல்லறையிலும் இடி விழுந்து கல் பிளந்தது என்ற கதை உண்டு. தண்டனையின் அறிவு அல்லாஹ்விடம் இருக்கிறது. நாங்கள் பார்ப்பது இதைத்தான்: ஸ்கின்னர்மேல் மின்னல் விழவில்லை. அவர் 1877 வரை வாழ்ந்து இங்கிலாந்தில் இறந்தார். சன்மானம் கொடுத்த கந்தோர்மேலும் விழவில்லை. ஒரு மனிதரின் சாவைச் சொல்லிச் சொல்லியே மற்ற எல்லோரையும் அந்தக் கதை தப்பவிட்டிருக்கிறது.

காடு கோப்பியானது, கோப்பி தேயிலையானது. இன்று ஹப்புத்தளையிலிருந்து பதுளை வரை ரயிலில் வந்தால் தேயிலைதான். ஊவாவில் காட்டு யானை பார்க்க வெல்லவாய, மொனராகலைப் பக்கம் இறங்க வேண்டும்; அங்கே இன்றும் மின்வேலி, சேனை, இரண்டு பக்கத்திலும் சாவு.

அடுத்த முறை பிள்ளைகளோடு டவுனுக்குப் போனால், அனுமதி கேட்டு உள்ளே சென்று அந்தக் கல்லை வாசித்துக் காட்டுங்கள்.