வெட்டாத கத்தி!

கறுப்புப் பிடி, இருபுறமும் கூர். பயப்படாதீர்கள்... இந்தக் கத்தி எலுமிச்சம்பழத்தைக்கூட வெட்டாது! இங்கிலாந்தில் பிறந்த 'விக்கா' மதத்தின் பூஜைக் கத்தி. பெயர், அதாமே.

1951-ல் சூனியச் சட்டத்தை அங்கே ரத்து செய்தார்கள். 1954-ல் இந்த மதத்தைப் பற்றிப் புத்தகம் போட்டார் ஜெரால்டு கார்ட்னர். மலாயாவில் கஸ்டம்ஸ் அதிகாரியாக இருந்தவர். சரியான கத்திப் பைத்தியம்! மலாய்க்காரர்களின் 'கிரிஸ்' பற்றி 1936-லேயே எழுதியவர்.

அதாமேயால் வட்டம் போட்டால், உள்ளே புனித இடம். அதன் முனையை ஒயின் கிண்ணத்தில் தோய்ப்பார்கள். கத்தி ஆண், கிண்ணம் பெண்... சேர்ந்தால்தான் படைப்பு! நிஜமாகவே நறுக்க வேண்டுமா? அதற்கு வெள்ளைப் பிடிக் கத்தி தனியாக உண்டு.

'சூனியக்காரி' என்று சொல்லியே பெண்களைத் தூக்கில் போட்ட நாடு அது. அதே பெயரை விரும்பிச் சூட்டிக்கொண்டவர்கள் கையிலோ, வெட்டக்கூடாத கத்தி. பழிவாங்க அல்ல, படைப்பை வணங்க!