ஒன்றரை ஷிப்டின் கணக்கு: திருப்பூரில் கூலி மலிவான வரலாறு

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைப் பற்றி எழுதுபவர்கள் ஏற்றுமதித் தொகையைத்தான் முதலில் சொல்வார்கள். அங்கே கூலி மலிவாக இருப்பதை யாரும் விளக்குவதில்லை. மண்ணின் இயல்பைப் போல அதை ஏற்றுக்கொண்டு மேலே போய்விடுகிறார்கள். தொழிலாளி கூட்டாகப் பேரம் பேசிய வலுவைக் கடந்த 40 ஆண்டுகளில் படிப்படியாகக் கரைத்ததன் விளைவே இந்த மலிவு என்பது என் வாதம்.

1920களில் தொடங்கிய பனியன் தொழில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு உள்நாட்டுச் சந்தையை நம்பியே இருந்தது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களில் பலர் கொங்கு வட்டாரத்து மானாவாரிக் காடுகளை விட்டு வந்தவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர், குறிப்பாகக் கவுண்டர் சமூகத்துச் சிறு விவசாயிகள், முதலாளிகளான பாதையைச் சரத் சாரி 2004இல் வெளியான தம் ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். நேற்றுவரை பக்கத்து மிஷினில் நின்றவரே முதலாளியானபோதும் கூலித் தகராறு ஓயவில்லை. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் தொடங்கிய வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது.

காலப் பொருத்தம் இங்கே முக்கியம். இத்தாலிய வணிகர் வெரோனா 1978இல் திருப்பூருக்கு வந்ததிலிருந்து ஏற்றுமதிக்கு வழி திறந்திருந்தது. வேலைநிறுத்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் ஏற்றுமதி பெருகப் பெருக, உற்பத்தி ஒரே கூரையின்கீழ் நடப்பது குறைந்தது. நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் எனத் தனித்தனி யூனிட்டுகள் பெருகின. தையல் வேலை பீஸ் ரேட்டுக்குக் காண்ட்ராக்டர் கைக்குப் போனது. மின்சாரத்தில் இயங்கும் பட்டறையில் 10 பேருக்குக் குறைவாக இருந்தால் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பொதுவாக அதைத் தொடவில்லை. தொழிற்சங்கம் பழகிய ஆண்களின் இடத்துக்குப் பெண்கள் பெருமளவில் வந்தார்கள்; கைமடிக்கச் சிறுவர்களும் வந்தார்கள். பின்னர் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் தொழிலாளர்கள் வந்தார்கள். வந்தவர்கள்மீது எந்தக் குறையும் இல்லை. கூலி உயர்வு கேட்கும் ஓர் அணி உருவாகும்போதெல்லாம் அதன் இடத்தில் வேறோர் அணி அமர்த்தப்பட்டது என்பதே கவனிக்க வேண்டியது.

இந்த ஏற்பாடு எந்த அளவுக்கு மலிவைத் தருகிறது என்பதைச் சனிக்கிழமைச் சம்பளத்தில் பார்க்கலாம். பல பனியன் கம்பெனிகளில் நாளை மணியில் எண்ணுவதில்லை, ஷிப்டில் எண்ணுகிறார்கள். 8 மணி நேரம் ஒரு ஷிப்ட். ஆர்டர் நெருக்கும்போது ராத்திரி வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட், அதாவது 12 மணி நேரம். வாரம் 6 நாளும் அப்படி நின்றவருக்கு 9 ஷிப்ட் கூலி கைக்கு வரும். மேற்சொன்ன சட்டம் வாரம் 48 மணிக்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டைக் கூலி தரச் சொன்னது. மிகை நேரமான 24 மணிக்கு இரட்டைக் கூலி என்றால் அது மட்டுமே 6 ஷிப்ட் கூலி. வாரத்துக்கு மொத்தம் 12 வர வேண்டும். நாலில் ஒரு பங்கு காணவில்லை. மிகை நேரத்தையும் சேர்த்து வாரத்துக்கு 60 மணி என்று அதே சட்டம் வைத்த உச்ச வரம்பை இந்த 72 மணி தாண்டிவிட்டது என்பது தனிக் குற்றம்.

நூற்பாலைகளில் இது இன்னும் கொடிய வடிவம் எடுத்தது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை, பெரும்பாலும் தலித் குடும்பத்துப் பிள்ளைகளை, மூன்றாண்டு விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கினார்கள். கல்யாணச் செலவுக்கென்று சொன்ன மொத்தத் தொகை முடிவில்தான் வரும். இடையில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பிய பலருக்கு அது கிடைக்கவில்லை. அது அவர்களுடைய கூலியிலிருந்தே பிடித்துவைத்த பணம்.

அரசின் பங்கையும் சொல்லியாக வேண்டும். குறைந்தபட்சக் கூலியை 5 ஆண்டுக்குள் மறுபரிசீலனை செய்யச் சட்டம் சொன்னது. தமிழ்நாட்டுத் தையல் தொழிலிலோ 2004க்குப் பிறகு 2014இல்தான் புதிய கூலி அறிவிக்கப்பட்டது. அதையும் முதலாளிகள் வழக்காடி நிறுத்திவைக்க முயன்றார்கள். நிலுவையோடு கொடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது.

வெளிநாட்டு நிறுவனங்களின் தணிக்கையாளர்கள் திருப்பூருக்கு வந்து தீயணைப்புக் கருவியையும் கழிப்பறையையும் பார்க்கிறார்கள். அவை தேவைதான். அவர்களும் தொழிலாளர் துறை ஆய்வாளர்களும் முதலில் கேட்டு வாங்க வேண்டியது ஷிப்ட் கணக்கு எழுதிய சம்பள நோட்டு.