கொதிகலன் ஆலையில் பிறந்த ஸ்கேன்

"தண்ணி நிறையக் குடிச்சிட்டு வாங்கம்மா. ஒண்ணுக்குப் போயிடாதீங்க." நாள் தள்ளிப்போய் ஸ்கேன் எடுக்க வரும் பெண், தஞ்சாவூரானாலும் மன்னார்குடியானாலும், முதலில் கேட்பது இதைத்தான். இந்த வழக்கம் கிளம்பிய ஊர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. மகப்பேறு ஸ்கேன் வளர்ந்த ஊரும் அதுவே.

இயன் டொனால்ட் 1954-இல் அங்கே மகப்பேறு மருத்துவப் பேராசிரியரானார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் பணியாற்றியவர். போய்த் திரும்பும் அலையை வைத்துக் கண்ணுக்குப் படாததைக் கண்டறியும் ரேடார், சோனார் கருவிகளை அங்கே அறிந்திருந்தார். பக்கத்து ரென்ஃப்ரூவில் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற கொதிகலன் ஆலை இருந்தது. இரும்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று அங்கே கேளா ஒலியால் சோதித்தார்கள். 1955 ஜூலை 21 அன்று, அறுவை சிகிச்சையில் எடுத்த கர்ப்பப்பைக் கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு டொனால்ட் அந்த ஆலைக்குப் போனார். நீர்க்கட்டிக்குள் ஒலி தடையில்லாமல் ஓடி, பின்சுவரில் பட்டுத் திரும்பியது. கெட்டியான கட்டிக்குள் வழியெல்லாம் சிதறித் தேய்ந்தது. வயிற்றைக் கிழிக்காமலே வித்தியாசம் காண வழி தெரிந்துவிட்டது!

செய்தி கேள்விப்பட்டு உதவிக்கு வந்தவர் டாம் பிரௌன், கெல்வின் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தின் இளம் பொறியாளர். கடலின் ஆழம் பார்க்கும் எதிரொலிக் கருவிகள் செய்த நிறுவனம் அது. நாகப்பட்டினம் விசைப்படகுகளில் மீன் கூட்டம் தேடும் எக்கோ சவுண்டரும் ஸ்கேன் கருவியும் ஒரே குடும்பம்தான். நம் காதுக்கு எட்டுவது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரை. கர்ப்பிணியின் வயிற்றுக்குள் ஸ்கேன் அனுப்பும் ஒலியோ பல லட்சம் அதிர்வுகள் கொண்டது.

ஒரு பெண்ணுக்கு வயிறு ஊதிக்கொண்டே போயிற்று. இரைப்பைப் புற்றுநோய், இனி அறுவை சிகிச்சைக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். டொனால்டின் கருவியோ அது பெரிய நீர்க்கட்டி என்று காட்டியது. கட்டியை எடுத்தார்கள், அவர் பிழைத்தார். பிரௌன், ஜான் மக்விகார் ஆகியோருடன் டொனால்ட் எழுதிய கட்டுரை 1958 ஜூன் 7 அன்று 'லான்செட்' இதழில் வந்தது. கர்ப்பிணிக்கு எடுக்கும் எக்ஸ்ரே பிள்ளைக்குப் பின்னாளில் புற்றுநோய் தரலாம் என்று மருத்துவர் ஆலிஸ் ஸ்டீவர்ட் எச்சரித்துக்கொண்டிருந்த காலம் அது. எக்ஸ்ரேக்கு மாற்று வேண்டியிருந்தது, ஸ்கேன் கைகொடுத்தது.

சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் குடல் விலகி, ஒலி கர்ப்பப்பைக்குத் தடையின்றிப் போகும். 1963-இல் டொனால்ட் கவனித்த இந்த விஷயம்தான் இளங்கருவைப் பார்க்க வழி திறந்தது. 1973-இல் அதே கிளாஸ்கோவில் ஹியூ ராபின்சன் கருவின் நீளத்தைத் தலை முதல் பிட்டம் வரை அளந்து, அதன் வயதைச் சில நாள் பிசகுக்குள் கணித்தார்.

நம் வயற்காட்டுப் பெண்களுக்கு இந்த அளவீடு மிகப் பெரிய வரம். "சம்பா நடவு முடிஞ்ச வாரம் குளிச்சேன் டாக்டர்" என்பவரிடம் தேதி கேட்டு என்ன பயன்? முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்தால் பிரசவ நாள் தெளிவாகும். பிள்ளை வளர்ச்சி குன்றுகிறதா, நாள் கடந்துவிட்டதா என்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் நிற்கிறது. ஐந்தாம் மாத ஸ்கேனில் உறுப்புக் குறைகள் தெரியும். நஞ்சுக்கொடி இறங்கி கர்ப்பப்பை வாயை அடைத்திருப்பது முன்பே தெரிந்தால், ரத்தம் கொட்டும் வரை காத்திராமல் தஞ்சாவூர் ராஜா மிராசுதார் மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் போய்விடலாம்.

இதே கருவியைப் பெண் சிசுவுக்கு எதிராகத் திருப்பியவர்களும் உண்டு. அதனால் 1994-இல் சட்டம் வந்தது; 2003-இல் இன்னும் இறுகியது. ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற பலகை ஒவ்வொரு ஸ்கேன் மையத்திலும் தொங்குகிறது. அந்தப் பலகை இருக்க வேண்டும். ஆனால் சொல்லக் கூடாதது ஒன்றுதான். சொல்ல வேண்டியவை நிறைய. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர் அந்தக் கர்ப்பிணி. பிள்ளையின் தலை எந்தப் பக்கம், பனிக்குட நீர் போதுமா, அடுத்து எப்போது வர வேண்டும் என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லாமல் காகிதத்தை மட்டும் கையில் திணித்து அனுப்பினால், எடுத்த ஸ்கேன் பாதிதான்.