ரெகுலர் டெசிஷன்: அமெரிக்கக் கல்லூரிகளின் ஜனவரி வரிசை

ரெகுலர் டெசிஷன் என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பொது வழி. பள்ளி இறுதியாண்டின் நடுவே, பெரும்பாலும் ஜனவரி முதல் இரண்டு வாரங்களுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ முடிவு வரும். சேர்கிறேனா இல்லையா என்பதை மாணவர் மே 1க்குள் சொல்லிவிட வேண்டும். ஒரே சமயத்தில் பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் சேர்ந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

'ரெகுலர்' என்ற சொல்லைக் கேட்டால் எல்லோரும் போகிற பெரிய வாசல் இதுதான் என்று தோன்றும். கூட்டத்தைப் பார்த்தால் அப்படித்தான். இடங்களைப் பார்த்தால் கதை வேறு. பெயர்பெற்ற தனியார் கல்லூரிகள் பலவற்றில் நவம்பரிலேயே விண்ணப்பித்தவர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்து எழுந்துவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் இலைக்குத்தான் ஜனவரிக் கூட்டம் நிற்கிறது.

முதல் பந்தி

நவம்பர் 1 அல்லது 15இல் முடியும் முன்கூட்டிய விண்ணப்பத்தில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. எர்லி டெசிஷன் என்பது வாக்குக் கொடுப்பது போன்றது. ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் இப்படி விண்ணப்பிக்கலாம். டிசம்பர் நடுவில் இடம் கிடைத்துவிட்டால் மற்ற விண்ணப்பங்களையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கேயே சேர வேண்டும். மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் இதற்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். பென்சில்வேனியா, கொலம்பியா, பிரவுன், டார்ட்மவுத், கார்னெல், டியூக் ஆகியவை இந்த முறையைப் பின்பற்றுகின்றன. எர்லி ஆக்‌ஷனில் அந்தக் கட்டாயம் இல்லை, முடிவு மட்டும் சீக்கிரம் தெரிந்துவிடும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு நான்கும் நடுவழி ஒன்றை வைத்திருக்கின்றன: இடம் கிடைத்தாலும் சேர வேண்டியதில்லை, ஆனால் அந்தப் பருவத்தில் வேறு தனியார் கல்லூரிக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கக் கூடாது.

கல்லூரிக்கு இதில் லாபம் வெளிப்படை. அழைப்பு அனுப்பியவர்களில் எத்தனை பேர் உண்மையில் பெட்டியோடு வந்து இறங்குவார்கள் என்பது எல்லாச் சேர்க்கை அலுவலகங்களுக்கும் பெருங்கவலை. அழைத்தவர்கள் குறைவாக வந்தால் விடுதி அறைகள் காலியாகக் கிடக்கும். எல்லோரும் வந்துவிட்டால் கட்டில் போதாது. எர்லி டெசிஷனில் அழைத்தவர் அநேகமாக வந்தே தீருவார். அதனால்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முதலாண்டு வகுப்பில் ஏறத்தாழப் பாதி டிசம்பரிலேயே நிரம்பிவிடுகிறது.

ஹார்வர்டின் ஓர் ஆண்டுக் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டும். 2024இல் சேர்ந்த அணிக்கு மொத்தம் 54,008 பேர் விண்ணப்பித்தார்கள். 1,937 பேருக்கு இடம் கிடைத்தது. முன்கூட்டி விண்ணப்பித்த 7,921 பேரில் 692 பேர் தேர்வானார்கள். அதாவது 100க்கு ஏறத்தாழ 9 பேர். மிச்சம் 46,000 பேர் ஜனவரியில் வந்தார்கள். அவர்களில் 100க்கு 3 பேருக்குக்கூட இடமில்லை. டிசம்பரில் 'இப்போது சொல்ல முடியாது, பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிவைக்கப்பட்டவர்களும் இதே ஜனவரி வரிசையின் நடுவே வந்து நிற்பார்கள் என்பதால் புதிதாக வந்தவர்களின் உண்மையான வாய்ப்பு இன்னும் குறைவு. விளையாட்டு வீரர்களும் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் நவம்பர்க் கூட்டத்தில் அதிகம். ஆகவே இந்த இடைவெளி முழுவதையும் தேதியின் மகிமை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தேதிக்கு மகிமையே இல்லை என்றும் சொல்ல முடியாது. கிறிஸ்டோஃபர் ஏவரி, ஆண்ட்ரூ ஃபேர்பேங்க்ஸ், ரிச்சர்ட் செக்ஹவுசர் மூவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு நூல், முன்கூட்டி விண்ணப்பிப்பது கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வில் சுமார் 100 மதிப்பெண் கூடுதலாக வாங்கியதற்குச் சமம் என்று கணக்கிட்டது.

ஒரே பந்தியாகப் போட்டுப் பார்த்த நான்கு ஆண்டுகள்

இது நியாயமில்லை என்று கல்லூரிகளுக்கே தோன்றிய ஒரு காலம் உண்டு. பத்திரிகையாளர் ஜேம்ஸ் ஃபாலோஸ் 2001இல் 'தி அட்லான்டிக்' இதழில் எர்லி டெசிஷனைக் கடுமையாகச் சாடி நீண்ட கட்டுரை எழுதினார். 2006 செப்டம்பரில் ஹார்வர்டு முன்கூட்டிய சேர்க்கையையே கைவிடுவதாக அறிவித்தது. பிரின்ஸ்டனும் வர்ஜீனியா பல்கலைக்கழகமும் பின்தொடர்ந்தன. நல்ல ஆலோசகர்கள் இருக்கும் வசதியான பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் இந்த முறை உதவுகிறது, மற்றவர்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரிவதில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். 2008 முதல் 2011 வரை சேர்ந்த நான்கு அணிகளுக்கு ஹார்வர்டிலும் பிரின்ஸ்டனிலும் எல்லோருக்கும் ஒரே வரிசைதான்.

யேலும் ஸ்டான்ஃபோர்டும் கூட வரவில்லை. அக்கம்பக்கத்துக் கடைகள் காலையிலேயே கதவைத் திறந்து வைத்திருக்கையில் ஒரு கடை மட்டும் மதியம்தான் திறப்பேன் என்றால் என்ன ஆகும்? 2011இல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் முன்கூட்டிய சேர்க்கைக்குத் திரும்பிவிட்டன. கொள்கை தவறென்று யாரும் சொல்லவில்லை. தனியாகக் கடைப்பிடிக்க முடியவில்லை, அவ்வளவே.

முதல் பந்தியே இல்லாத பெரிய இடம் ஒன்று இன்றும் இருக்கிறது: கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் உள்ளிட்ட அதன் ஒன்பது இளநிலை வளாகங்களுக்கும் ஒரே விண்ணப்பம், நவம்பர் இறுதியில் ஒரே கெடு. எஸ்ஏடி மதிப்பெண்ணை அவர்கள் பார்ப்பதே இல்லை.

விண்ணப்பத்துக்குள்ளே

பெரும்பாலான கல்லூரிகள் ஏற்பது காமன் ஆப் எனப்படும் பொது விண்ணப்பத்தை. 1975இல் 15 தனியார் கல்லூரிகள் சேர்ந்து தொடங்கியது. இன்று 1,000க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இதில் இருக்கின்றன. ஒருவர் இதன் வழியே 20 கல்லூரிகள் வரை விண்ணப்பிக்கலாம். எம்ஐடி தனக்கென்று தனி விண்ணப்பம் வைத்துக்கொண்டிருக்கிறது.

மதிப்பெண் பட்டியலும் ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களும் தவிர, 650 சொற்களுக்கு மிகாமல் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும். வகுப்பறைக்கு வெளியே செய்தவற்றைப் பத்து வரிகளில் அடக்க வேண்டும். ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துதான் இடம், இடைவெளியையும் சேர்த்து. கால்பந்தும் விவாத மேடையும் மட்டும்தான் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். சம்பள வேலைக்கும் குடும்பப் பொறுப்புக்கும் அந்தப் பட்டியலில் தனித் தலைப்புகள் உண்டு. மாலையில் மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்ததையும் படுக்கையில் கிடக்கும் பாட்டியைப் பார்த்துக்கொண்டதையும் தாராளமாக எழுதலாம். 150 எழுத்துக்குள் பாட்டியை அடக்குவதுதான் பாடு.

இதற்கு மேல் ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென்று சில கேள்விகள் கேட்கும். 'எங்கள் கல்லூரி ஏன்?' என்பது அநேகமாக எல்லாப் பட்டியலிலும் இருக்கும். சிகாகோ பல்கலைக்கழகம் விசித்திரமான கேள்விகளுக்குப் பெயர்போனது. பத்துப் பதினைந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் டிசம்பர் கடைசி வாரத்தில் முப்பது நாற்பது குட்டிக் கட்டுரைகளை எழுதிக்கொண்டிருப்பார். ஒன்றுக்கு எழுதியதை வெட்டி இன்னொன்றில் ஒட்டி, பழைய கல்லூரியின் பெயரை மாற்ற மறந்துவிடுவது இந்த வாரத்துக்கே உரிய விபத்து. புகழ்பெற்ற கல்லூரிகளில் விண்ணப்பக் கட்டணம் 75 முதல் 100 டாலர் வரை இருக்கும். வசதியில்லாதவர்கள் விலக்குக் கேட்கலாம்.

ஜனவரிக்காரருக்கு உள்ள சின்ன அனுகூலம், இறுதியாண்டின் முதல் பருவ மதிப்பெண்கள். பள்ளி அவற்றை இடையாண்டு அறிக்கையாகக் கல்லூரிக்கு அனுப்பும். பதினொன்றாம் வகுப்பில் சறுக்கி, பிறகு நிமிர்ந்த பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

இவற்றையெல்லாம் உள்ளே எப்படிப் படிக்கிறார்கள் என்பது ஹார்வர்டு மீது 2014இல் தொடரப்பட்ட வழக்கில் வெளிவந்தது. 2018இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தபோது, படிப்பு, பிற ஈடுபாடுகள், விளையாட்டு, குணநலன் என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை தரம் போடுவதும் (1தான் உச்சம்), வட்டார வாரியாகத் துணைக்குழு அலசுவதும், சுமார் 40 பேர் கொண்ட முழுக்குழு வாக்கெடுப்பதும் பதிவாயின. அந்த வழக்கில்தான் 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்வதை ரத்து செய்தது.

பணக் கணக்கு

இவ்வளவு குறைந்த வாய்ப்புக்கு ஏன் ஜனவரி வரை காத்திருக்க வேண்டும்? கனவுக் கல்லூரி ஒன்று மனத்தில் இருந்தால் நவம்பரிலேயே கையெழுத்துப் போட்டுவிடலாமே என்று கேட்கத் தோன்றும். கனவு இருந்தும் கையெழுத்துப் போட முடியாத வீடுகள் உண்டு. பெரிய தனியார் கல்லூரிகளில் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஓராண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. யார் எவ்வளவு உதவித்தொகை தருவார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் ஓரிடத்துக்கு வாக்குக் கொடுப்பது, விலை கேட்காமல் நகை எடுப்பது மாதிரி. தரப்படும் உதவி போதாது என்றால் எர்லி டெசிஷனிலிருந்தும் விலகலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் அப்படி விலகுபவர் கையில் ஒப்பிட வேறு கடிதம் எதுவும் இருக்காது.

ஜனவரியில் விண்ணப்பித்தவரின் மேசையில் ஏப்ரல் மாதம் நான்கைந்து கல்லூரிகளின் உதவித்தொகைக் கடிதங்கள் வரிசையாகக் கிடக்கும். எது திருப்பித் தர வேண்டாத உதவி, எது கடன், எது வளாகத்தில் வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டிய தொகை என்று பிரித்துக் கூட்ட வேண்டும். ஒன்றின் கடிதத்தைக் காட்டி இன்னொன்றிடம் 'கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்' என்று கேட்பதும் நடக்கிறது. சில கல்லூரிகள் இறங்கி வரும். ரெகுலர் டெசிஷனின் உண்மையான பலம் இந்த ஒரு மாதத்தில்தான் இருக்கிறது.

அந்த மாதமே 2024இல் ஏறக்குறையப் பறிபோனது. அமெரிக்க அரசின் மாணவர் உதவி விண்ணப்பமான ஃபாஃப்ஸா புதுப்பிக்கப்பட்டு, வழக்கமான அக்டோபருக்குப் பதில் 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. விவரங்கள் கல்லூரிகளுக்கு மார்ச்சில்தான் போகத் தொடங்கின. உதவி எவ்வளவு என்றே தெரியாமல் மே 1 நெருங்கியதால் பல கல்லூரிகள் கெடுவை மே 15க்கும் ஜூன் 1க்கும் தள்ளிவைத்தன.

முடிவு வரும் நாள்

தபால் காலத்தில் உறையின் கனமே பதிலைச் சொல்லிவிடும். தடித்த உறை என்றால் இடம் உண்டு, உள்ளே படிவங்கள் இருக்கும். மெல்லிய உறையில் ஒற்றைத் தாள் இருக்கும், வருத்தம் தெரிவித்து. இப்போது எல்லாம் இணையதளத்தில்தான். ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் எட்டும் மார்ச் கடைசியில் ஒரே நாள் மாலை முடிவை வெளியிடுகின்றன. யேலில் இடம் கிடைத்தவருக்குத் திரையில் புல்டாக் நாய் பாட்டுப் பாடும். எம்ஐடி பை எண்ணுக்குரிய மார்ச் 14 அன்று, மாலை 6:28க்கு வெளியிடுகிறது, 6.28 என்பது பையின் இருமடங்கு. கணக்குப் பிள்ளைகளின் குறும்பு.

தவறுகளும் நேர்ந்திருக்கின்றன. 2009இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகம், நிராகரிக்கப்பட்ட சுமார் 28,000 பேருக்கும் சேர்த்து 'வருக' என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, அன்றே மன்னிப்புக் கேட்டது.

ஆம், இல்லை இரண்டுக்கும் நடுவே மூன்றாவது பதிலும் உண்டு: காத்திருப்புப் பட்டியல். அதில் வைக்கப்பட்டவர் மே 1க்குள் வேறொரு கல்லூரியில் முன்பணம் கட்டிவைத்துவிட்டு, கனவுக் கல்லூரிக்கு இன்னும் ஆர்வத்தோடு இருக்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார். சில ஆண்டுகளில் அந்தப் பட்டியலிலிருந்து ஒருவர்கூட எடுக்கப்படுவதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்கள்

பொறியியல் கலந்தாய்வில் 200க்கு எவ்வளவு கட்-ஆஃப் என்ற ஒற்றை எண்ணோடு பழகிய வீடுகளுக்கு இந்த முறை முதலில் பிடிபடுவதில்லை. பள்ளி ஆலோசகர் என்றொருவர் பல பள்ளிகளில் கிடையாது. அந்தப் படிவத்தைத் தலைமையாசிரியர்தான் நிரப்புகிறார். நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிப் பழகிய கைக்கு, ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் பரிந்துரை எழுதுவது புதிது.

ஃபாஃப்ஸா அமெரிக்கர்களுக்கானது என்பதால் வெளிநாட்டு மாணவர் பெரும்பாலும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற வேறு படிவத்தை நிரப்புகிறார். வெளிநாட்டவரையும் குடும்பத்தின் பணநிலையைப் பாராமல் தேர்ந்தெடுத்து, தேவைப்படும் உதவி முழுவதையும் தரும் கல்லூரிகள் சிலவே: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. மற்ற பெரும்பாலான இடங்களில் உதவி கேட்பதே தேர்வு வாய்ப்பைக் குறைக்கும்.

நாட்காட்டியும் ஒத்துப்போவதில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு கட்டுரைக் கெடு. பொதுத்தேர்வு நடக்கும் மார்ச்சிலேயே முடிவு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 7 மணிக்கு ஐவி கல்லூரிகள் முடிவை வெளியிடும்போது சென்னையில் மறுநாள் விடியற்காலை 4:30. எம்ஐடி முடிவென்றால் 3:58. வீடே தூங்கும் நேரத்தில் போன் வெளிச்சத்தில்தான் பல பேருக்குப் பதில் தெரிகிறது. சேர்கிறேன் என்று மே 1க்குள் சொல்லியாக வேண்டும். பிளஸ் டூ முடிவோ 2024இல் மே 6, 2025இல் மே 8 அன்றுதான் வந்தது. அதனால் கல்லூரிகள் ஆசிரியர்கள் கணித்துத் தரும் மதிப்பெண்ணை வைத்தே தேர்ந்தெடுக்கின்றன. உண்மை மதிப்பெண் பட்டியல் இறுதி அறிக்கையோடு பிறகு போகும். அது கணிப்பிலிருந்து வெகுவாகச் சரிந்திருந்தால், கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறும் உரிமை கல்லூரிக்கு உண்டு.