டெல்லிக் கடைவீதியில் பசியோடு ஒரு பிரெஞ்சு டாக்டர்

வெளிநாட்டிலிருந்து பிழைப்புக்காக வந்து ஒரு பெரிய நகரத்தில் தங்குபவர் வேறு எதைப் பற்றிப் பேசாவிட்டாலும் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார். எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது, குடிக்க என்ன கிடைக்கும், என்ன விலை சொல்கிறான் என்று ஊருக்குக் கடிதம் எழுதிவிடுவார். சவூதிக்கும் சிங்கப்பூருக்கும் போன நம் பிள்ளைகளும் முதல் மாதம் போனில் சொன்னது இதைத்தானே?

இந்த வகைக் கடிதங்களில் பழையது ஒன்றைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். 1663-ஆம் வருஷம் ஜூலை 1-ஆம் தேதி டெல்லியிலிருந்து பாரிசுக்கு எழுதப்பட்ட கடிதம் அது. எழுதியவர் பிரான்சுவா பெர்னியே. பெற்றவர் லா மோத் லெ வாயே என்ற அறிஞர். அப்போது நம் புதுக்கோட்டை சமஸ்தானமே ஏற்படவில்லை. மதுரையில் திருமலை நாயக்கர் காலமாகி நாலு வருஷம்தான் ஆகியிருந்தது.

பெர்னியே பிரான்சில் ஆன்ழு பகுதியைச் சேர்ந்தவர், 1620-ல் பிறந்தவர். மோன்பெலியேவில் வைத்தியப் பட்டம் வாங்கியவர். ஊர் சுற்றும் ஆசையில் எகிப்து வழியாக சூரத் வந்து இறங்கினார். வந்த நேரம் ஷாஜஹானின் பிள்ளைகள் அரியணைக்கு அடித்துக்கொண்டிருந்த நேரம். கொஞ்ச நாள் தாராவுக்கு வைத்தியம் பார்த்தார். தாரா தோற்றபின் தானிஷ்மந்த் கான் என்ற பாரசீகப் பிரபுவிடம் சம்பளத்துக்குச் சேர்ந்தார். மாதம் 150 எக்யூ வெள்ளி. நல்ல சம்பளம். பிரபுவும் நல்ல படிப்பாளி. ஐரோப்பாவில் அன்று புதிதாகக் கண்டுபிடித்த ரத்த ஓட்டம் பற்றியெல்லாம் இவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாராம்.

ஆக, நல்ல எஜமான், நல்ல சம்பளம், புத்தம் புது நகரம். ஷாஜஹான் டெல்லிக்குக் குடிபுகுந்தது 1648-ல்தான். சாந்தினி சவுக் எல்லாம் அப்போது பதினைந்து வயதுப் பிள்ளை. இத்தனை இருந்தும் மனிதர் பசியோடு இருந்திருக்கிறார். அதை அவரே எழுதுகிறார்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வருபவர்களுக்குத் தெரியும். பள்ளியில் எங்களுக்கு மொலியேரும் லா ஃபோந்தேனும் பாடம். பெர்னியே இவர்கள் காலத்து ஆள், அவர்களோடு பழகியவர். அதனால் அவருடைய பிரெஞ்சு எனக்கு அவ்வளவு அன்னியமாகப் படவில்லை. படிக்கும்போது, பழைய நூல் படிக்கிறோம் என்பது போய், முணுமுணுக்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்பது போலிருந்தது.

முதலில் ரொட்டி. பிரெஞ்சுக்காரன் ரொட்டியில்தானே ஆரம்பிப்பான்! டெல்லியில் ரொட்டிக்கடைகள் நிறைய இருக்கின்றன, ஆனால் அடுப்பு சரியில்லை, மாவும் பதமில்லை, வேக்காடும் இல்லை என்கிறார். கோட்டைக்குள் விற்பது பரவாயில்லையாம். வீடுகளில் பாலும் வெண்ணெயும் முட்டையும் சேர்த்துச் சுடுகிறார்கள், அதுவும் கேக் மாதிரி இருக்கிறதே ஒழிய கோனெஸ் ரொட்டிக்கு ஈடாகுமா என்று கேட்கிறார். கோனெஸ் என்பது பாரிசுக்கு வடக்கே உள்ள ஊர். அந்தக் காலத்தில் ரொட்டிக்குப் பேர்போனது. 2000-ஆம் வருஷம் கான்கார்டு விமானம் விழுந்து நொறுங்கியதே, அதே ஊர்தான். காரைக்காலில் விடியற்காலை நீள ரொட்டி வாங்கச் சைக்கிளில் போன எனக்கு இவர் ஏக்கம் புரிகிறது. ஆனால் தந்தூரி அடுப்பைக் குறை சொல்பவருக்கு நாக்கு ஊரிலேயே தங்கிவிட்டது என்றுதான் சொல்வேன்.

அடுத்தது பலகாரக் கடை. எங்கு பார்த்தாலும் இருக்கிறது, ஆனால் பண்டம் சரியில்லை, தூசியும் ஈயும் மொய்க்கிறது. இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. முந்நூற்று அறுபது வருஷம் கழித்தும் எத்தனையோ கடைகளில் கண்ணாடி மூடியைத் திறந்தேதான் வைத்திருக்கிறார்கள்.

கறி வறுத்து விற்கும் கடைகள் உண்டு. ஆனால் நம்பமுடியாது, ஒட்டகமோ குதிரையோ, நோயில் செத்த மாடோ, எதைப் போட்டிருக்கிறானோ என்று சந்தேகப்படுகிறார். வீட்டில் சமைக்காத எதுவும் உடம்புக்கு ஆகாது என்று வைத்தியர் தீர்ப்பு. கோழி மலிவு, நன்றாகவும் இருக்கும். தோல் கறுப்பாக ஒரு சின்னக் கோழி, மெத்தென்று இருக்குமாம். அதற்கு எத்தியோப்பியக் கோழி என்று இவரே பெயர் வைத்துக்கொண்டார். புறாக்குஞ்சு கிடைக்காது. அவ்வளவு சின்ன உயிரைக் கொல்வது பாவம் என்று விற்கமாட்டார்களாம். மீன் பிடிக்க இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியவில்லை என்கிறார். ஆற்றுக்கரை ஊரில் இருந்துகொண்டு கடல் மீனுக்கு ஏங்கினால் அப்படித்தான். நம் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் வந்திருந்தால் பேச்சை மாற்றியிருப்பார்.

பழக்கடைகள்தான் அவரை மயக்கியிருக்கின்றன. பாரசீகம், பால்க், புகாரா, சமர்கந்து இங்கிருந்தெல்லாம் பாதாமும் பிஸ்தாவும் திராட்சையும் வரும். குளிர்காலத்தில் பச்சைத் திராட்சையைப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவருவார்கள். ஒரு முலாம்பழம் ஒன்றரை எக்யூ. எஜமான் காலை ஆகாரத்துக்குப் பழம் மட்டும் இருபது எக்யூவுக்கு வாங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறாராம். அந்தக் கணக்கில் நம் டாக்டரின் ஒரு மாதச் சம்பளம் எஜமானின் எட்டு நாள் பழச்செலவுக்குக்கூடக் காணாது. மாம்பழம் இரண்டு மாதம் கொட்டிக் கிடக்கும், ஆனால் டெல்லி மாம்பழம் சுமார்தான். வங்காளம், கோல்கொண்டா, கோவா மாம்பழமே உசத்தி என்கிறார். இதில் நானும் அவர் கட்சி.

இனி, குடிக்கிற சமாசாரம். டெல்லியில் மது என்றால் இரண்டே தினுசு: பாரசீகத்திலிருந்து வரும் ஷிராஸ், டச்சுக்காரர்கள் கப்பலில் கொண்டுவரும் கானரி. விலையைக் கேட்டால் ருசியே போய்விடும் என்று நம்மூர்ப் பேச்சு மாதிரியே எழுதுகிறார். வெல்லத்திலிருந்து வடிக்கும் சாராயமும் உண்டு. ஆனால் அதை வெளிப்படையாக விற்கக்கூடாது, கிறிஸ்தவர்கள் தவிர யாரும் பகிரங்கமாகக் குடிக்கத் துணிவதில்லை. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 1948-ல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோது நடந்ததும் இதுதானே? வெளிநாட்டுக்காரருக்குப் பெர்மிட் உண்டு, உள்ளூர்க்காரனுக்குக் கதவு சாத்து. நல்ல வேளையாக, அல்லது கெட்ட வேளையாக, எங்கள் பக்கம் 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்தது. அதன் பிறகும் கடை மூடவில்லை. தமிழ்நாட்டு எல்லையிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போன கோலத்தைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன்.

வங்காளத்தைப் பற்றி எழுதும்போது பெர்னியே 'பூல்போன்ழ்' என்று ஒரு பானத்தைச் சொல்வார். இது என்ன வார்த்தை என்று பிரெஞ்சு அகராதியைப் புரட்டினால் விளங்காது. ஆங்கிலேயன் 'போல் ஆஃப் பஞ்ச்' என்றதைக் காதில் வாங்கியபடி எழுதிவிட்டார். சாராயம், எலுமிச்சைச் சாறு, தண்ணீர், கொஞ்சம் ஜாதிக்காய். வாய்க்கு நன்றாக இருக்கும், உடம்பைக் கெடுக்கும். ஆங்கிலேய, டச்சு மாலுமிகள் சாவதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார். கடைசியில் அவர் சொல்லும் யோசனை: இந்த தேசத்தில் புத்தியுள்ளவன் நல்ல தண்ணீரும் எலுமிச்சை சர்பத்தும் குடித்துப் பழகட்டும், செலவும் இல்லை கெடுதலும் இல்லை. மூட்டுவாதமும் சிறுநீரகக் கல்லும் இங்கே குறைவாக இருப்பதற்கு மக்கள் குடிக்காமல் இருப்பதே காரணம் என்றும் கணிக்கிறார். ஒரு பிரெஞ்சுக்காரர் வாயிலிருந்து இது வந்தது பெரிய விஷயம்.

சரி, கையில் காசு இருந்தும் ஏன் பட்டினி? அவரே காரணம் சொல்கிறார். நல்ல பண்டமெல்லாம் பிரபுக்கள் வீட்டுக்குப் போய்விடுகிறது. ஆள் பலம், சவுக்கு, பணம் மூன்றாலும் அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். கடைத்தெருவுக்கு வருவது கழிசல். கைவினைஞனைக் கூப்பிட்டு வேலை வாங்கிவிட்டு, பிரபு தனக்குத் தோன்றியதைக் கொடுப்பார்; சவுக்கடி கிடைக்காமல் வந்தால் அவன் அதிர்ஷ்டசாலி. 'டெல்லியில் நடுத்தரம் என்று ஒன்று இல்லை. உச்சியில் இருக்கவேண்டும், இல்லையென்றால் அவதிப்படவேண்டும்' என்பது அவர் சொல்வதன் சாரம். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். கோட்டைக்குள் ராஜாவின் உக்கிராணக்காரர்களிடம் வேலைக்காரனை அனுப்பி, காசு கூடக் கொடுத்து, கள்ளத்தனமாக நல்ல சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டார். எஜமானிடம் இதைச் சொன்னபோது அவர் புன்னகை செய்தாராம்.

இந்த இடத்தில்தான் நான் வெகுநேரம் நின்றேன். புதுக்கோட்டை மாவட்டம் 1974-ல் பிறந்தது. அடுத்த வருஷம் நான் எழுத்தராக இங்கே வேலைக்கு வந்தேன். கல்யாணமாகாத நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்துச் சாப்பிட்டோம். ஒன்றாம் தேதி சம்பளம், இரண்டாம் தேதி மெஸ் பாக்கி. ரசம் நீர்த்துப் போனால் உரக்கக் கேட்போம், அவரும் அடுத்த நாள் சரிசெய்வார். அவருக்கு எங்களிடம் பயமும் இல்லை, எங்களை விட்டால் கதியும் இல்லை. ஓட்டல் என்பது இந்த உறவுதான். பிரபுவுக்கு ஓட்டல் வேண்டாம், அவர் வீட்டில் சமையல்காரன் இருக்கிறான். ஏழைக்கு முடியாது. நடுவில் மாதச் சம்பளக்காரன் பெருகிய பிறகுதான் சென்னையில் காபி கிளப்புகளும், 1938-ல் ராயப்பேட்டை உட்லண்ட்ஸும், 1951-ல் மவுண்ட் ரோடு புகாரியும் வந்தன. பாரிசிலேயே 'ரெஸ்தொராந்' என்ற பெயரில் கடை வந்தது 1760-களில்தான். அதற்கு முன் அந்தச் சொல்லுக்குத் தெம்பூட்டும் சூப் என்று அர்த்தம். ஆகவே பெர்னியே டெல்லியில் தேடிக் காணாத ஒன்று அவர் ஊரிலும் இன்றைய உருவத்தில் இருக்கவில்லை.

அவர் பார்க்கத் தவறியது ஒன்று உண்டு. டெல்லியில் பாதிப் பேர் கடையில் சமைத்ததைக் காசு கொடுத்தாலும் தொடமாட்டார்கள். யார் சமைத்தான், யார் தண்ணீர் தொட்டான் என்ற கேள்வி கடைக்காரனின் வியாபாரத்தைப் பாதியாக வெட்டிவிடும். நம் பக்கம் அந்தக் கேள்வி எத்தனை காலம் நீடித்தது என்று சொல்லவேண்டியதில்லை. ஓட்டல் பலகையில் 'பிராமணாள்' என்று எழுதுவதை எதிர்த்து பெரியார் கிளர்ச்சி செய்தது 1957-ல்.

பெர்னியேயின் முணுமுணுப்பு அதோடு நின்றிருந்தால் சுவாரசியமான கடிதம் என்று மடித்து வைத்திருக்கலாம். நிற்கவில்லை. நிலமெல்லாம் ராஜாவுக்கே சொந்தம், குடிமக்களுக்குச் சொத்து கிடையாது, அதனால்தான் இந்த தேசம் இப்படி இருக்கிறது என்று பிரெஞ்சு மந்திரி கோல்பேருக்கு எழுதிய கடிதத்தில் வாதம் செய்தார். புத்தகம் 1670-ல் பாரிசில் வெளிவர ஆரம்பித்தது. 1748-ல் மோந்தெஸ்கியு அதை எடுத்துக்கொண்டு ஆசிய அரசு என்றாலே கொடுங்கோல் என்று எழுதினார். 1853-ல் காரல் மார்க்ஸ், எங்கெல்சுக்கு எழுதிய கடிதத்தில், கீழ்த்திசையைத் திறக்கும் சாவியே நிலத்தில் தனிச்சொத்து இல்லாததுதான் என்று பெர்னியேயைப் புகழ்ந்தார். டெல்லிக் கடைத்தெருவில் நல்ல கறி கிடைக்காத ஒருவர் சொன்னது, சென்னையையோ தஞ்சையையோ பார்த்திராத பெரிய மேதைகள் கையில் முழு ஆசியாவுக்கும் சட்டமாகிவிட்டது. டெல்லி பிரபுக்களின் சவுக்கைப் பற்றி அவர் சொன்னதை நான் நம்புகிறேன், கண்ணால் பார்த்தவர். சவுக்கிலிருந்து நிலத்துக்குத் தாவியதைத்தான் ஏற்க முடியவில்லை.

அவரை மறுத்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரரே. ஆங்கெத்தில் துய்பெரோன், 1755-ல் புதுச்சேரியில் வந்து இறங்கியவர். பாரசீகம் கற்றவர், பார்சிகளின் வேதத்தையும், பாரசீகம் வழியாக உபநிடதங்களையும் ஐரோப்பாவுக்குக் கொடுத்தவர். 1778-ல் ஒரு நூல் எழுதி, இந்தியாவில் சட்டமும் உண்டு, குடிமக்களுக்குச் சொத்தும் உண்டு என்று மோந்தெஸ்கியுவுக்குப் பதில் சொன்னார். அவர் நூலை அதிகம் பேர் படிக்கவில்லை. எங்கள் பள்ளியில்கூட மோந்தெஸ்கியு பாடத்தில் இருந்தார், புதுச்சேரிக்கு வந்தவர் இல்லை.

நாம் புத்தகத்துக்குக்கூடப் போகவேண்டாம். குடுமியான்மலைக்குப் பஸ் ஏறினால் போதும். ஊரார் கூடி நிலத்தை விற்றதும், தனி ஆள் விலை கொடுத்து வாங்கியதும், கோயிலுக்கு எழுதிவைத்ததும், நான்கெல்லையும் விலையும் குறித்துக் கல்லில் இருக்கின்றன. டெல்லியில் ஷாஜஹான் கோட்டை கட்டுவதற்குச் சில நூறு வருஷம் முந்தியவை. சமஸ்தானம் இவற்றையெல்லாம் தொகுத்து 1929-ல் அச்சிட்டது. பெர்னியே தெற்கே கோல்கொண்டா வரை வந்தார். அதற்குக் கீழே நம் பக்கம் வரவில்லை.