காணோம் என்று கூறும் துணிவு

“கண்ணால் காணாததை ஏற்காதே என்கிறீர், அறிவியலார் மட்டும் காணாத கரும்பொருளை ஏற்கலாமோ?” என்று நம்மை மடக்குவோர் உளர். நன்று, வரலாறே விடை கூறட்டும்.

1933-ஆம் ஆண்டு, கோமா எனும் விண்மீன் மண்டலக் கொத்தை ஆராய்ந்தார் பிரிட்ஸ் சுவிக்கி. மண்டலங்கள் விரைந்த வேகம் அவரைத் திகைக்க வைத்தது. ஒளிரும் பொருளின் ஈர்ப்பு மட்டுமே இருந்திருப்பின் கொத்து என்றோ சிதறியிருக்கும். சிதறவில்லை! ஒளிராப் பொருளும் அங்குண்டு என்றார். 1970-களில் வேரா ரூபின், மண்டலங்களின் விளிம்பு விண்மீன்களும் வேகம் குன்றாது சுற்றுவதைக் காட்டினார். இவ்வாறு கணக்கின் வழியே வந்தது கரும்பொருள்.

கணக்கோடு நின்றனரா? இல்லை. 1985-ல் குட்மன், விட்டன் இருவரும் வழி கூறினர்: கரும்பொருள் துகள் மோதினால் அணுக்கரு சற்றே அதிரும், அவ்வதிர்வைப் பிடிக்கலாம். ஆயின் தரைமேல் அண்டக்கதிர்கள் ஓயாது பொழிகின்றனவே! சந்தை இரைச்சலில் முணுமுணுப்புக் கேட்குமோ? ஆகவே பாறையைக் கூரையாக்கிப் பாதாளம் புகுந்தனர். அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் வைத்த ஜெர்மானியக் கருவியின் முடிவு 1987-ல் வெளிவந்தது. துகள் சிக்கவில்லை.

இத்தாலியின் கிரான் சாசோ மலையடியில், சோடியம் அயோடைடு படிகங்களோடு காத்திருந்தது ‘டாமா’ குழு. கதிரவனின் ஓட்டத்தோடு பூமியின் ஓட்டமும் சேரும் ஜூனில் மோதல் மிகும், டிசம்பரில் குறையும் என்பது கணக்கு. அவ்வாறே கண்டோம் என்று 1990-களின் இறுதி முதல் அறிவித்தனர். உலகம் உடனே ஏற்றதா? அதே படிகத்தைக் கொண்டே சோதிக்க முனைந்தனர் பிறர். தென் கொரியாவில் 2016-லும், ஸ்பெயினில் 2017-லும் தொடங்கிய சோதனைகள் அவ்வேற்றத்தாழ்வைக் காணவில்லை.

அதே மலையடியில் செனான் குழு, எதிர்பார்த்ததினும் மிகுதியான துடிப்புகளை 2020-ல் அறிவித்தது. மேம்பட்ட கருவி கொண்டு 2022-ல் தானே ஆராய்ந்து, அம்மிகுதி இல்லை என்று தானே உரைத்தது!

ஹோம்ஸ்டேக்கில் 2002-ல் பொன்னெடுப்பு நின்றது. அங்கே, ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் ஆழத்தில், 10 டன் நீர்மச் செனானோடு விழித்திருந்தது எல்.இசட். கருவி. 2022-லும் 2024-லும் அது தந்த விடை: காணோம்!

வீணுழைப்போ இது? அன்று. இன்ன எடையில், இன்ன வலிமையோடு மோதும் துகள் இல்லை என ஒவ்வொரு ‘காணோம்’ என்பதும் ஒரு கதவை அடைக்கிறது. தேட வேண்டிய இடம் குறுகுகிறது.

மடக்க வந்தவரை இனி நாம் கேட்போம்: உம் கூற்று பொய்யாயின் அதைக் காட்டவல்ல சோதனை எது? அதற்கு உட்பட நீர் அணியமா? கரும்பொருளைத் தேடுவோர் அணியமாயுள்ளனர். தோற்றபோதெல்லாம் உலகறியச் சொல்லியும் உள்ளனர்.